எழுதப் படிக்கத் தெரியாதவர்

திண்டிவனம்
20-2-1997

அன்புள்ள அக்காவுக்கு,

இளவழகன் எழுதுவது. திங்கட்கிழமை மதியம் நான் பத்திர ஆபீஸிலிருந்து சாப்பாட்டுக்கு வந்தால் உன் கட்டில் காலி. அம்பிகா அடுப்படியில் மூக்கைச் சிந்திக்கொண்டிருக்கிறாள். "உங்க அக்காவைப் பாக்க விழுப்புரத்துலருந்து அந்தப் பொன்னி வந்துதுங்க. ரெண்டு பேரும் ஆட்டோ வெச்சிக்கினு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிட்டாங்க. கால்ல வுழாத கொறையா சொல்லிப் பாத்தேன், கேக்கல" என்றாள். வலது கையும் வலது காலும் விழுந்துபோன மனுஷி, நாலு வார்த்தை கோர்வையாகப் பேச வராத மனுஷி, பக்கத்து வீட்டுக்காரியை நம்பி பஸ் ஏறிப் போயிருக்கிறாய். நடுவழியில் ஒன்று கிடக்க ஒன்று ஆகியிருந்தால் ஊர் என்னைத்தானே காறித் துப்பும்.

உன் கோபம் எதற்கென்று தெரியும். ஜனவரியில் நான் உன் கட்டைவிரலைப் பிடித்து விருப்ப ஓய்வு விண்ணப்பத்தில் வைத்தேன். வைத்தேன்தான், இல்லையென்று சொல்லவில்லை. தீபாவளி கழிந்த வாரம் நீ வகுப்பில் சரிந்து விழுந்த நாளிலிருந்து உன்னைக் குளிப்பாட்டி, சோறு ஊட்டி, தூக்கி உட்கார வைத்தது நானும் அம்பிகாவும். மூளையில் ரத்தக் கட்டு, இனிமேல் இவ்வளவுதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் லீவும் தீரப் போகிறது. அத்தானும் இல்லை, பிள்ளை குட்டியும் இல்லை. வேலையை விட்டால் பென்ஷன் வரும், எங்களோடு நிம்மதியாக இருக்கலாம் என்று நினைத்தேன். இருபத்திநாலு வருஷம் பாடம் நடத்தியது போதாதா அக்கா?

பதினெட்டு வருஷமாகப் பத்திரம் எழுதுகிறேன். எத்தனையோ பேர் விரலை மையில் உருட்டியிருக்கிறேன். ஒருத்தரும் என்னோடு கோபித்துக்கொண்டு ஊரைவிட்டுப் போனதில்லை. யாரையாவது பதில் போடச் சொல். உன் மாத்திரைச் சீட்டு இங்கேயே இருக்கிறது, இதோடு அனுப்பியிருக்கிறேன்.

இளவழகன்


விழுப்புரம்
3-3-1997

இளவழகன் சாருக்கு பொன்னி எழுதறது. டீச்சர் சொல்லச் சொல்ல நான் எழுதறேன். அவங்களுக்குப் பேச்சு ஒவ்வொண்ணாதான் வருது. எனக்கும் எழுத்து ஒவ்வொண்ணாதான் வரும். அதனால ரெண்டு பேருக்கும் சரியா இருக்குது. இனிமே வர்றது டீச்சர் சொன்னது.

தம்பி,

எனக்குப் பேச வரவில்லை. காது கேட்டது. டாக்டர் சொன்னது கேட்டது. "இனிமே அக்காவுக்கு ஒண்ணும் வெளங்காது" என்று நீ அம்பிகாவிடம் சொன்னதும் கேட்டது. நீ விரலில் மை தடவும்போது நான் தலையை ஆட்டினேன். வேண்டாம் என்று ஆட்டினேன். "பாரு, சரின்றாங்க" என்றாய்.

என் தெருவில் அறிவொளி வகுப்பு நடத்தினேன். முப்பத்தொரு பெண்களுக்குக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கொடுத்தேன். கைநாட்டு என்று ஒருத்தரும் உங்களைச் சொல்லக் கூடாது என்று அவர்களிடம் சத்தம் போட்டிருக்கிறேன். அதில் ஒருத்திதான் இதை எழுதுகிறாள். அந்த மை என் விரலில் நாலு நாள் இருந்தது. அம்பிகா சோப்புப் போட்டுத் தேய்த்தாள். நான் கையைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எனக்கு உன் பென்ஷன் நிம்மதி வேண்டாம். நான் பள்ளிக்கூடம் போவேன். நீ இங்கே வராதே.

இது பொன்னி எழுதறது. இத்த சொல்லி முடிக்க மத்தியானத்துலருந்து வெளக்கு வெக்கிற வரைக்கும் ஆச்சு. நடுவுல ரெண்டு தபா அழுதாங்க. அத்த எழுதாதன்னாங்க. எழுதிட்டேன்.


திண்டிவனம்
18-3-1997

அக்கா,

பொன்னியின் எழுத்தைப் படிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. நீ தலையாட்டியது வேண்டாம் என்றுதான் என்று இப்போது சொல்கிறாய். அன்றைக்கு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

இப்போது ஒரு பேஜாரு. கல்வி அலுவலகத்திலிருந்து என் விலாசத்துக்கு ஒரு மெமோ வந்திருக்கிறது. இதோடு வைத்திருக்கிறேன். உன்னிடம் மறைத்து என்ன ஆகப் போகிறது, சொல்லிவிடுகிறேன். யார் விரல் வைத்தாலும் பக்கத்தில் நான் ஒரு வரி எழுதுவது வழக்கம். 'எழுதப் படிக்கத் தெரியாதவராகையால், வாசித்துக் காட்டி, கேட்டுணர்ந்து, தம் முழுச் சம்மதத்துடன் வைத்த இடது பெருவிரல் ரேகை.' ஆயிரம் பத்திரத்தில் எழுதிய வரி, கை தானாக ஓடும். உன் ரேகைக்குப் பக்கத்திலும் ஓடிவிட்டது. சத்தியமாக நான் கவனிக்கவில்லை. மேலே 'பதவி: ஆசிரியை' என்று இருக்கிறது, கீழே 'எழுதப் படிக்கத் தெரியாதவர்' என்று இருக்கிறது. ஆபீஸே கூடி நின்று சிரித்திருக்கும்.

அவர்கள் கேட்பது இதுதான். நீ ஜூன் 2ஆம் தேதி நேரில் போய், உன் கைப்பட விளக்கம் எழுதித் தர வேண்டும். தவறினால் இந்த ரேகையையே உன் சம்மதமாக எடுத்துக்கொண்டு ஓய்வு கொடுத்துவிடுவார்கள்.

நீ அலைய வேண்டாம். நானே ஒரு திருத்த மனு போட்டு அந்த ஒரு வரியை நீக்கிவிடுகிறேன். சிரிப்பும் நிற்கும், ஓய்வும் மரியாதையாக வந்து சேரும். சரி என்று ஒரு வார்த்தை பொன்னியை எழுதச் சொல், போதும்.

இளவழகன்


விழுப்புரம்
14-4-1997

இளவழகா,

இது என் கை. வலது கை. பென்சில்.

ஒரு நாளைக்கு ஒரு வரி.

மெமோ படித்தேன். சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

திருத்த மனு வேண்டாம். அந்த வரியைத் தொடாதே.

ஜூன் 2 நான் போகிறேன்.

என் கைப்பட எழுதுகிறேன்.

விசாலாட்சி


திண்டிவனம்
2-5-1997

அக்கா,

வராதே என்றாய். வந்தேன். நேற்று மே தினம், ஆபீஸ் லீவு. உன் தெருமுனை சோடாக்கடையில் ஒரு மணி நேரம் நின்றேன்.

வாசலில் சாக்கை விரித்து உட்கார்ந்திருந்தாய். எதிரில் மல்லாட்டைக் குவியல். உன் இடது கையைத் துண்டால் இடுப்போடு சேர்த்துக் கட்டியிருந்தது. நல்ல கையையும் கட்டிப் போட்டிருக்கிறாளே என்று எனக்கு ரத்தம் கொதித்தது. பொன்னி காலை நீட்டிக்கொண்டு அவள் பாட்டுக்கு விதைக்கு வேர்க்கடலை உரிக்கிறாள். நீ ஒரு காயைப் பிடிக்கிறாய், நழுவுகிறது, மறுபடி பிடிக்கிறாய். ஒரு காய் உருண்டு போய் அவள் பாதத்தில் நின்றது. அவள் அதைத் தொடக்கூட இல்லை. நீ உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து போய் எடுத்தாய்.

சோடாக்கடைக்காரரிடம், "என்னங்க இது அநியாயம், சொகமில்லாதவங்கள இப்படிக் கட்டிப் போட்டு வேல வாங்கறாங்க" என்றேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீங்க எந்த ஊரு? டீச்சரம்மாவே கட்டச் சொல்லித்தான் கட்டறது. எடது கை முந்திக்கினா வலது கை சோம்பேறி ஆயிடும்னு, பயிற்சி குடுக்க வர்ற சீனுவாசன் சார் சொன்னாரு. மொதல்ல நாள் பூரா ஒக்காந்து பத்துக் காய் உரிச்சாங்க. இப்ப அரைப்படி. தெருவே பாத்துக்கினு இருக்குது. அவங்க எங்க டீச்சருங்க" என்றார். நான் உன் தம்பி என்று அவரிடம் சொல்லவில்லை. சொல்ல வெட்கமாக இருந்தது.

மூன்று மாதம் என் வீட்டில் இருந்தாயே அக்கா, ஒரு தம்ளரையாவது உன்னைத் தூக்க விட்டோமா? தண்ணீர் வேண்டும் என்று நீ பார்ப்பதற்குள் அம்பிகா வாயில் ஊற்றிவிடுவாள். அதைப் பெருமையாக நாலு பேரிடம் வேறு சொல்லிக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து என் வலது கையைச் சட்டைக்குள் விட்டுக்கொண்டு இடது கையால் என் பெயரை எழுதிப் பார்த்தேன். கோழி கிளறின மாதிரி இருக்குதுங்க என்று அம்பிகா சொன்னாள்.

ஆனாலும் ஒரு பயம். மல்லாட்டை வேறு, பேனா வேறு. அன்றைக்கு அத்தனை பேர் முன்னால் கை வராமல் போனால் என்ன செய்வாய்? அதற்குப் பிறகு பள்ளிக்கூடமும் இல்லை, மரியாதையும் இல்லை. நான் துணைக்கு வருகிறேன். ஓரமாக நிற்கிறேன், வாயைத் திறக்க மாட்டேன்.

இளவழகன்


விழுப்புரம்
19-5-1997

இளவழகா,

இதை எழுத ஆறு நாள் ஆனது. பேனாவால் எழுதுகிறேன்.

சோடாக்கடையில் நின்றவனைப் பார்த்தேன். அந்தக் கட்டம் போட்ட சட்டை நான் எடுத்துக் கொடுத்தது. நீயாக வருவாய் என்று பார்த்தேன். கடிகாரத்தைப் பார்த்தாய், போய்விட்டாய்.

பொன்னியை ஒரு வார்த்தை சொல்லாதே. விதை மல்லாட்டையை மெஷினில் போட்டால் பருப்பு உடையும், கையால்தான் உரிக்க வேண்டும். அது அவள் பிழைப்பு. அந்தக் குவியலில்தான் எனக்கும் இடம் கொடுத்திருக்கிறாள். நான் உடைத்ததெல்லாம் சட்னி. மார்ச் மாதம் முழுக்க எங்கள் இரண்டு வீட்டிலும் மல்லாட்டைச் சட்னிதான். காய் உருண்டு போனால் அவள் எடுத்துத் தர மாட்டாள். "நா குடுத்துட்டா அது என் கை செஞ்சதா ஆயிடும் டீச்சர்" என்பாள்.

இந்தக் கை எப்படி என்று உனக்குத் தெரியாது. அதற்கு மூடத் தெரிகிறது, திறக்கத் தெரியவில்லை. காயைப் பிடித்துவிடுவேன், விட வராது. விரலைப் பார்த்து "விடு, விடு" என்று வாய்விட்டுச் சொல்வேன். தெருவில் போகிறவர்கள் பொன்னியைச் சொல்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள்.

நீ வந்து போன மறுவாரம் குளியலறையில் விழுந்தேன். வலது கால் செருப்பு கழன்றது தெரியவில்லை. கை வீங்கிவிட்டது. நாலு நாள் விரல்கள் மூடியபடியே கிடந்தன. சீனுவாசன் வந்து பார்த்துவிட்டு, முதலில் வீக்கம் வடியட்டும் என்று போனார். எனக்கு மனசு விட்டுப்போயிற்று. என் தம்பி இளவழகன் சொன்னதே சரி, அவனையே மனு போடச் சொல்லி எழுது என்று பொன்னியிடம் சொன்னேன். அவள் மறுக்கவில்லை. "சரி டீச்சர், ஏன் தபாலு? நானே எழுதறேன், வெரல நீட்டுங்க" என்று இங்க் பாட்டிலைக் கொண்டு வந்து என் முன்னால் வைத்தாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் தலையணையை எடுத்து அவள் மேல் எறிந்தேன். அவள் இங்க் பாட்டிலோடு உட்கார்ந்து சிரிக்கிறாள். "எந்தக் கையி டீச்சர்?" என்கிறாள். வலது கையால் எறிந்திருக்கிறேன். விரல் திறந்து, விட்டிருக்கிறது.

அன்று பிற்பகல் முழுக்க அந்தத் தலையணையை எறிந்துகொண்டே இருந்தோம். ஆறு தடவைக்கு ஒரு தடவை விட்டது. அதற்கே அவள் எதிர் வீட்டுப் பெண்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஜூன் 2 நீ வராதே. வந்தால் நாற்காலியை இழுத்துப் போடுவாய். பேனா மூடியைத் திறந்து கொடுப்பாய். உன்னால் சும்மா நிற்க முடியாது, எனக்குத் தெரியும். தோற்றால் நானே தோற்கிறேன்.

விசாலாட்சி


திண்டிவனம்
29-5-1997

அக்கா,

வரவில்லை. திங்கட்கிழமை அங்கே வர மாட்டேன் என்று அம்பிகா முன்னால் வாக்குக் கொடுத்துவிட்டேன்.

இன்றைக்கு ஒன்று நடந்தது. மேல்மலையனூர் பக்கத்திலிருந்து ஒரு அம்மாள், பெயர் சவுரியம்மாள், மகளுக்கு மனை எழுதி வைக்க வந்தது. நான் பத்திரத்தை முடிப்பதற்குள் அது கட்டைவிரலை நீட்டிக்கொண்டு நிற்கிறது. நானும் மைப்பெட்டியைத் திறந்துவிட்டேன். திறந்த பிறகு என்னவோ தோன்றி, "கையெழுத்துப் போடுவியாம்மா?" என்று கேட்டேன். "போடுவேங்க. யாரும் கேக்கறதில்ல, நானும் சொல்றதில்ல" என்றது. பேனாவைக் கொடுத்தேன். போட்டது. பின்னால் நின்றவர்கள் "ஜல்தி, ஜல்தி" என்றார்கள். பதினெட்டு வருஷத்தில் நான் எத்தனை பேரைக் கேட்காமலே உருட்டியிருப்பேன் என்று நினைத்துக்கொண்டேன்.

நானும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஜனவரியில் நீ தலையை ஆட்டியபோது அது சரியா, வேண்டாமா என்று எனக்கு ஒரு நொடி சந்தேகம் வந்தது. மறுபடி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. எனக்கு அலுத்துப் போயிருந்தது அக்கா. ஆஸ்பத்திரி, மருந்து, உன் முகத்தைப் பார்ப்பது, எல்லாம் ஒரு முடிவுக்கு வந்தால் போதும் என்று இருந்தது. உன் நன்மைக்கு என்று எல்லாரிடமும் சொன்னேன். என் நிம்மதிக்கும்தான் வைத்தேன்.

திங்கட்கிழமை அங்கே யார் இதை வைத்தது என்று கட்டாயம் கேட்பார்கள். சம்மதமில்லாமல் ரேகை எடுத்தான் என்று நீ எழுதிக் கொடுத்தால் என் லைசென்ஸ் போய்விடும். போகட்டும். உள்ளதை உள்ளபடி எழுது. என்னைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு எழுத்தைக்கூட மாற்றாதே.

இளவழகன்


விழுப்புரம்
8-6-1997

தம்பிக்கு,

இதை இரண்டே நாளில் எழுதிவிட்டேன். எழுத்து கோணல்தான், படிக்க வரும்.

திங்கட்கிழமை காலை பொன்னி வாசல் வரை வந்தாள். படி ஏறும்போது கீழேயே நின்றுவிட்டாள். பதினான்கு படி. நல்ல காலை முதலில் வைத்து, கெட்ட காலை இழுத்துக்கொண்டு ஏறினேன். மேலே கண்காணிப்பாளர் சக்கரபாணி என்று ஒருவர். நல்ல மனிதர். நாற்காலி போட்டார், விசிறியைத் திருப்பி வைத்தார். என் முன்னால் அந்த விண்ணப்பம். முதல் தடவையாக அந்த ரேகையை நேரில் பார்த்தேன். நீ சுத்தமாகத்தான் உருட்டியிருக்கிறாய்.

"எடது கையால எழுதினாலும் பரவாயில்லம்மா, ஒண்ணும் அவசரமில்ல" என்றார். வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் பேனாவை எடுத்தேன். எடுத்ததும் கை நின்றுவிட்டது. பேனாவை இறுக்கிக்கொண்டது, நகரவில்லை. ஐந்து நிமிஷம் இருக்கும். டைப் அடிக்கிற சத்தம் நின்றது. ஒரு பெண் தம்ளரில் தண்ணீர் கொண்டு வந்தாள். எல்லாரும் வேறு எங்கோ பார்க்கிற மாதிரி என்னையே பார்க்கிறார்கள். நீ எழுதியிருந்த பயம் எனக்கும் வந்தது, வராமல் என்ன. புடவைக்குள் முதுகு நனைந்துவிட்டது. பிறகு தோளைத் தளரவிட்டேன். மேஜை மேல் கையை அப்படியே கிடக்கவிட்டேன். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் அழுதால் ஒன்றும் கேட்காமல் கொஞ்ச நேரம் விட்டுவிடுவேன், அப்படி விட்டேன். அது தானாக நகர்ந்தது.

உன் வரிக்கு நேர் கீழே எழுதினேன். 'எனக்கு எழுதப் படிக்கத் தெரியும். ரேகை என்னுடையது. சம்மதம் என்னுடையதல்ல. நான் வேலைக்கு வருகிறேன்.' அதற்குக் கீழே கையெழுத்து. முன்பு நான் போடுகிற கையெழுத்து ஒரு கிறுக்கல், யாருக்கும் படிக்க வராது. இப்போது கிறுக்க வராது. எழுத்தெழுத்தாக, என் தெருப் பெண்கள் போடுகிற மாதிரி, முழுப் பெயர். பழைய பதிவேட்டில் இருப்பதோடு ஒத்துவரவில்லையே என்று சக்கரபாணி தயங்கினார். இனிமேல் இதுதான் என் கையெழுத்து, பதிவேட்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். மாற்றிக்கொண்டார்.

ஒன்று சொல்கிறேன், கேட்டுக்கொள். அந்த வரியை நீ எழுதாமல் விட்டிருந்தால் விண்ணப்பம் ஜனவரியிலேயே ஓடிப் போயிருக்கும். நான் இன்றைக்கு ஓய்வு பெற்ற ஆசிரியை. உன் கை தவறியதால் என் வேலை தப்பியது. அதற்காக நன்றி சொல்லமாட்டேன்.

புதன்கிழமை பள்ளிக்கூடம் போனேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட எனக்கு மற்றவர்களைவிட நேரமாகிறது. பின்னால் வரிசை நிற்கிறது. நிற்கட்டும். கை இன்னும் தோளுக்கு மேல் ஏறவில்லை, அதனால் கரும்பலகையின் கீழ்ப்பாதியில் எழுதுகிறேன். முன்வரிசைப் பிள்ளைகளுக்கு அதுதான் வசதி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்பிகாவையும் கூட்டிக்கொண்டு வா. நான்தான் பரிமாறுவேன். சோறு இலைக்கு வெளியே விழும், குழம்பு உன் சட்டையில் தெறிக்கும். என் கையிலிருந்து கரண்டியை மட்டும் யாரும் வாங்கக் கூடாது.

நீ கேட்க நினைப்பது எனக்குத் தெரியும். ஆம், கேட்டார். "இந்த ரேகையை வெச்சது யாரும்மா, பேரை எழுதிக் குடுத்துடுங்க, நடவடிக்கை எடுக்கலாம்" என்று இன்னொரு தாளை என் பக்கம் தள்ளினார். உள்ளதை உள்ளபடி எழுது என்று நீ சொன்னது நினைவில் இருந்தது. இதற்கு மேல் எழுத என் கைக்குத் தெம்பில்லை சார் என்று சொல்லிவிட்டு எழுந்துவிட்டேன்.

அது பொய். தெம்பு இருந்தது.

அக்கா
விசாலாட்சி